செல்வினுக்கு வேர் பிடித்த கோடை

ஈச்சன்விளைக்காரர்கள் இன்றைக்கும் காலக்கணக்குச் சொல்லும்போது செல்வினுக்கு வேர் பிடித்த கோடைக்கு முந்தி, செல்வினுக்கு வேர் பிடித்த கோடைக்குப் பிந்தி என்றுதான் சொல்வார்கள். அந்தக் கோடையில்தான் கோயில் மணிக்கூண்டுக்கு வெள்ளையடித்தார்கள், அந்தக் கோடையில்தான் பஸ் முதன்முதலாக ஊருக்குள் வந்து திரும்பியது, ஆனால் அதையெல்லாம் யாரும் அடையாளமாக வைத்துக்கொள்ளவில்லை, ஒரு மனுஷன் தன் வீட்டு முற்றத்தில் வேர்விட்டு நின்றதை மட்டும் வைத்துக்கொண்டார்கள். வெளியூர்க்காரர் யாராவது வந்து அந்தக் கதையைக் கேட்டால் காப்பி வாங்கிக் கொடுத்துச் சொல்வார்கள். அந்த மனுஷனின் மனைவி எமிலியைப் பற்றிக் கேட்டால் மட்டும், இந்த வருஷம் முருங்கைக்காய் விலை எப்படி என்று பேச்சைத் திருப்பிவிடுவார்கள்.

எமிலி அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்சு. அந்த வட்டாரத்துப் பிள்ளைகளில் பாதிப் பேர் அவள் கையில்தான் முதல் அழுகையை அழுதிருக்கிறார்கள். நர்சிங் படிக்கும் காலத்திலேயே அவளுக்கு ஒரு ஆசை உண்டு. மலாவி என்று ஆப்பிரிக்காவில் ஒரு நாடு, அங்கே ஒரு ஏரிக்கரை ஆஸ்பத்திரி, பிரசவ வலியோடு பெண்கள் வெயிலில் நடந்தே வந்து சேருகிற ஆஸ்பத்திரி, அங்கே போய் ரெண்டு வருஷம் சம்பளமில்லாமல் வேலை செய்ய வேண்டும். அப்படிப் போகிறவர்களை அனுப்புவதற்குச் சென்னையில் ஒரு சங்கம் இருந்தது. செல்வின் பெண்பார்க்க வந்த அன்றைக்கே, பஜ்ஜித் தட்டை நீட்டியபடி அவள் இதைச் சொல்லிவிட்டாள். மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்த செல்வின், வாயில் இருந்த பஜ்ஜியை அவசரமாக விழுங்கிவிட்டு, "அதுக்கென்ன, ரெண்டு பேருமாப் போவோம். நீங்க பிரசவம் பாருங்க, நான் அங்கன உள்ள பம்புசெட்டெல்லாம் பாக்கேன்" என்றான். அதற்கு முன் வந்த மாப்பிள்ளைகள் எல்லாரும் சிரித்தார்கள், இவன் ஒருவன்தான் சிரிக்கவில்லை, அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவள் கழுத்தை நீட்டினாள்.

பிறகு குடும்பம் என்று ஆனால் என்னென்ன வருமோ எல்லாம் வந்தது. மாமியார் படுக்கையில் விழுந்தாள், மகள் ஷைனி பிறந்தாள், வீடு கட்டினார்கள், ஓடு போய் கான்கிரீட் வந்தது, ஒவ்வொரு முறையும் செல்வின், "அடுத்த வருசம் எமிலி, உறுதியா அடுத்த வருசம்" என்றான், எமிலியும் அடுத்த வருஷத்தைப் பார்த்துக்கொண்டே பிரசவம் பார்த்தாள். ஷைனி பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை எழுதி முடித்த அன்று சாயங்காலம் எமிலி இருவரையும் உட்காரவைத்துக் கேட்டாள். போவோம் என்றான் செல்வின். சரிம்மா என்றாள் ஷைனி. மூன்று பேருமாகப் போவதென்று சங்கத்துக்குச் சொல்லியாயிற்று.

அதன்பிறகு அந்த வீட்டில் நடந்த அமளியைத் தெருவே நின்று பார்த்தது. கொசுவலை வந்தது, கருப்பட்டி வந்தது, இட்லிப்பொடி வறுக்கிற மணம் தெருக்கோடி வரைக்கும் போனது. போகிற நாட்டு மொழியில் தண்ணீருக்கு என்ன, வலிக்கு என்ன, பயப்படாதே என்பதற்கு என்ன என்று எமிலி போனைப் பார்த்துச் சொல்ல, செல்வினும் ஷைனியும் சோறு தின்றுகொண்டே திருப்பிச் சொன்னார்கள். மூவரில் அதிக உற்சாகம் செல்வினுக்குத்தான். திருச்செந்தூருக்குப் போய் அகல விளிம்பு வைத்த தொப்பி ஒன்று வாங்கிவந்து, அதைப் போட்டுக்கொண்டே காயில் கட்டினான், அதைப் போட்டுக்கொண்டே விருந்துக்குப் போனான். தினமும் ஒரு வீட்டில் விருந்து. "இந்தக் காலத்துல யாரு மச்சான் பொண்டாட்டிக்காக இப்பிடிக் கெளம்புவா?" என்று ஆண்கள் அவன் தோளில் தட்டினார்கள். செல்வின் தலையைக் குனிந்து சிரித்துக்கொள்வான், எமிலிக்குப் பெருமையில் கண் கலங்கும்.

தூர தேசத்துக்குச் சேவைக்குப் போகிறவர்களை ஈச்சன்விளைச் சபை கோயிலுக்குள் வைத்து வழியனுப்புவதில்லை. அவரவர் வீட்டு முற்றத்தில், செருப்பில்லாமல், சொந்த மண்ணில் நிறுத்தி, வீட்டுக்கு ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்து காலில் ஊற்றித்தான் ஜெபம்பண்ணி அனுப்புவார்கள். ஊர்க் கிணற்றுத் தண்ணீரெல்லாம் காலில் பட்டவனுக்குப் போகிற ஊர்த் தண்ணீர் ஒன்றும் செய்யாது என்பது அங்குள்ள நம்பிக்கை. அன்றைக்கும் அப்படியே, தேரியின் சிவப்பு மணல் பரந்த முற்றத்தில் மூவரும் வரிசையாக நின்றார்கள், போதகர் ஜெபித்தார், பெண்கள் ஒவ்வொருவராக வந்து காலில் தண்ணீர் ஊற்றினார்கள், மணல் குடித்தது, மறுபடி ஊற்றினார்கள், மணல் மறுபடி குடித்தது. ஆமென் சொன்னதும் எமிலி காலைத் துடைத்துக்கொண்டு பந்தி பார்க்கப் போனாள், ஷைனி அவள் பின்னால் போனாள். செல்வின் மட்டும் தொப்பியோடு அங்கேயே நின்றான்.

"வாங்களேன், சோறு ஆறுது" என்று எமிலி கூப்பிட்டாள்.

"வர முடியலட்டி."

"முள்ளு கிள்ளு குத்திட்டா?"

"இல்ல. பிடிச்சிருக்கு."

எமிலி குனிந்து மணலை விலக்கிப் பார்த்தாள். தண்ணீரில் வைத்த வெங்காயத்துக்கு வருமே, அதுபோல வெள்ளை வெளேரென்று மெல்லிய வேர்கள் அவன் உள்ளங்கால் இரண்டிலிருந்தும் இறங்கி மண்ணுக்குள் போயிருந்தன. தொட்டால் குளிர்ந்தன. நாடி மட்டும் சாதாரணமாக ஓடியது.

யாரும் கூச்சல் போடவில்லை. பக்கத்து வீட்டு மரகதம் எட்டிப் பார்த்துவிட்டு, "ஆடு வந்து கடிச்சிராம பாத்துக்கணும் மதினி" என்றாள். போதகர், இன்னொரு ஜெபம் பண்ணுவோமா சாப்பிட்டபிறகு பண்ணுவோமா என்று கேட்டார். சாப்பிட்டபிறகு என்று முடிவாகி, செல்வினுக்கு இலையைக் கையிலேயே கொடுத்தார்கள், நின்றவாக்கிலேயே ரெண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டான்.

மறுநாள் அவனைச் சுற்றி முள்வேலி கட்டினார்கள், அதற்கு மறுநாள் தலைக்குமேல் ஓலைப் பந்தல் போட்டார்கள், பிறகு சவரம் செய்கிறவர் பெட்டியோடு வீடு தேடி வந்தார், பெண்கள் சங்கம் முறைவைத்துத் தண்ணீர் ஊற்றியது, பள்ளிக்கூடத்துச் சயின்ஸ் வாத்தியார் பிள்ளைகளைக் கூட்டிவந்து வரிசையாக உட்காரவைத்து அவன் காலைப் படம் வரையச் சொன்னார், மரக்கன்று எண்ண வந்த பஞ்சாயத்துக் கிளார்க் கொஞ்சநேரம் யோசித்துவிட்டு அவனையும் சேர்த்து எண்ணிக்கொண்டு போனார். இது என்ன மரமாக வரும் என்று டீக்கடையில் வாக்குவாதம் நடந்தது. முருங்கைதான், அந்த வளர்த்தியைப் பார் என்றார்கள் சிலர். புளி என்றார்கள் சிலர், புளி என்றால் வீட்டு முற்றத்தில் ஆகாதே என்று அதற்கு ஒரு சண்டை வந்தது. சபைக் கமிட்டித் தேர்தலுக்கு ஓட்டுப் பெட்டியை அவன் நிற்கும் இடத்துக்கே தூக்கிவந்தார்கள். வேர்பிடித்தவன் ஓட்டுப் போடலாமா என்று எதிர்க்கட்சி கேட்டதற்கு, இந்த ஊரில் வேறு எவன் இவ்வளவு உறுதியாக இந்த ஊர்க்காரன் என்று போதகர் திருப்பிக் கேட்டார். வாரம் ரெண்டு வாரத்தில், ஏதோ பிறந்த நாள் முதல் அவன் அங்கேதான் நிற்கிறான் என்பதுபோல, பால்காரன் அவனிடம் பாலைக் கொடுத்துவிட்டுப் போனான், போஸ்ட்மேன் தெருவுக்கு வந்த தபாலையெல்லாம் அவன் கையில் கொடுத்துவிட்டுப் போனான்.

எமிலிக்குத்தான் அது பழகவில்லை. அவர்கள் ஏறவேண்டிய விமானம் அவர்கள் இல்லாமல் போயிற்று. சென்னைச் சங்கத்தில் பொறுப்பாக இருந்த பத்மினி என்ற அம்மாள் போனில் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, குடும்பத்துக்கென்று வைத்த இடம், கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம் என்றாள். எமிலி போட்ட லீவை ரத்துசெய்துவிட்டு மறுபடி டூட்டிக்குப் போனாள். கட்டிவைத்த பெட்டி சுவரோரம் கிடந்தது, கருப்பட்டியில் எறும்பேறியது. விடிந்ததும் அவள் செய்கிற முதல் வேலை செல்வினின் வேர்களைப் பார்ப்பது. வேப்பம்புண்ணாக்கு இடித்துப் போட்டாள், கரையானுக்கு மருந்து வைத்தாள், நின்று நின்று அவன் முழங்கால் வீங்காமலிருக்க எண்ணெய் தேய்த்துவிட்டாள். ஒருநாள் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே அழுகை வந்துவிட்டது.

"நான் ரொம்ப ஆசப்பட்டுட்டேன் போல. அதுக்குத்தான் கடவுள் உங்களப் பிடிச்சு வச்சிட்டாரு. எனக்குத் தர வேண்டிய தண்டனையை நீங்கல்லா அனுபவிக்கிய" என்றாள்.

செல்வின் அவள் தலையில் கைவைத்து, "அப்பிடியெல்லாம் நெனைக்காதட்டி. நான் நிக்கதுல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல" என்றான். அது உண்மைதான் என்பது அவளுக்கு அப்போது தெரியாது.

தெருவும் அவளிடம் அவ்வளவு பிரியமாக இருந்தது. டூட்டி முடிந்து வருகிறவளை மறித்துக் குழம்பு கொடுத்தார்கள். உன்னைப்போல உண்டா என்றார்கள். நீ நிம்மதியாகப் போய்வா எமிலி, பகலெல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், பிள்ளையும் இருக்கிறாள், நாங்களும் இருக்கிறோம் என்றார்கள். பத்மினியம்மாள் கூப்பிட்டால் எடுக்க ஆள் வேண்டுமே என்று எமிலி தன்னுடைய போனைப் பந்தல் காலில் துணிப்பையில் தொங்கவிட்டுத்தான் டூட்டிக்குப் போவாள். ஏதாவது பேசினார்களா என்று சாயங்காலம் கேட்பாள். ஒன்றும் இல்லையே என்பான் செல்வின்.

இதற்கிடையில் அவன் விரல்நுனிகளில் வெள்ளையாக ஒன்று படிய ஆரம்பித்தது. மாவுபோல இருந்தது. மரத்துக்கு வருகிற பூஞ்சைதான் மேலே ஏறிவிட்டது என்று எமிலி பயந்துபோனாள். சுரண்டி எடுத்துக் காகிதத்தில் மடித்து ஆஸ்பத்திரி லேபில் கொடுத்தாள், ஒன்றும் புரியவில்லை என்று லேபில் கையை விரித்தார்கள். தினமும் சாயங்காலம் அவன் கையைத் தன் மடியில் வைத்து ஒவ்வொரு விரலாக வேப்பெண்ணெய் போட்டாள். மறுநாள் சாயங்காலம் மறுபடி வெள்ளை படிந்திருக்கும். விரலை நீட்டிக்கொண்டு நிற்கும்போது செல்வின் வேறு பக்கம் பார்த்துக்கொள்வான், வலியை மறைக்கிறான் என்று அவள் நினைத்தாள்.

ஆடி மாதத்தில் ஒருநாள், சிக்கலான பிரசவக் கேசு ஒன்றைப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டுத் திரும்பிய ஆம்புலன்ஸ் அவளை நடுப்பகலில் ஊர் விலக்கில் இறக்கிவிட்டது. குறுக்குவழியாகக் கொல்லைப்புறம் நுழைந்து முற்றத்துக்கு வந்தாள். பந்தல் இருந்தது, வேலி இருந்தது, தொப்பி பந்தல் காலில் தொங்கியது. செல்வின் நின்ற இடத்தில் ரெண்டு ஈரக் குழிகள் மட்டும் இருந்தன.

யாரோ பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள் என்றுதான் அவளுக்கு முதலில் தோன்றியது. "ஐயோ, ஓடி வாங்களேன், அவியளக் காணலியே!" என்று நர்சு உடுப்போடு தெருவில் ஓடினாள். டீக்கடை ரேடியோ பட்டென்று நின்றது. டீக்கடை ராஜமணி அவளைப் பார்க்காமல் பாலையே பார்த்துக்கொண்டிருந்தான். வாசலில் நின்றவர்கள் ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். வாலிபர் சங்கக் கட்டிடத்தின் வாசலை அடைத்துக்கொண்டு மரகதம் நின்றாள்.

"உள்ள ஆம்பளைய இருக்காவ மதினி. இப்பப் போவாதிய" என்றாள், அவள் முகம் வெளிறிப்போயிருந்தது.

எமிலி அவளை விலக்கிக்கொண்டு உள்ளே போனாள். ஃபேனுக்குக் கீழே கேரம் பலகை, பலகை முழுக்கப் பவுடர், அதன் முன்னால் பெஞ்சில் செல்வின். அவன் கால் ரெண்டும் முன்னால் இருந்த ஸ்டூலில் நீட்டியிருந்தன, பாதத்திலிருந்து தொங்கிய வேர்களையெல்லாம் சுருட்டி, காயாமலிருக்க ஈரச்சாக்கில் பொதிந்து, பொங்கல் பானைக்குக் கட்டுவதுபோல அழகாகக் கட்டியிருந்தது. ஸ்டூலுக்குப் பக்கத்தில் ஷைனி உட்கார்ந்து சாக்கின்மேல் மக்கில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். செல்வின் அப்போதுதான் சிவப்புக் காயைப் போட்டுவிட்டு வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தான். கல்யாணமான புதிதில் சிரித்த சிரிப்பு அது, எமிலி அதைக் கேட்டு எத்தனையோ காலமாகிவிட்டது.

சிரிப்பு நின்றது. "இன்னைக்குத்தான் எமிலி... சும்மா ஒரு நிமிசம்... இன்னைக்குத்தான் மொதல்ல" என்றான்.

பலகைக்கு அந்தப் பக்கம், வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தவன் திரும்பாமலே, "யாருட்டண்ணே அளக்கிய, நேத்தும் இப்பிடித்தான சிவப்பத் தட்டிட்டுப் போனிய" என்றான்.

எமிலி திரும்பி நடந்தாள். வீட்டுக்கு வந்து அடுக்களைத் தரையில் உட்கார்ந்தாள். தேரி மணலைப் பற்றி அவளுக்குத் தெரியாதா? எந்த வேரையும் அது இறுக்கிப் பிடிக்காது, இளகிய மணல், பிடித்து இழுத்தால் வந்துவிடும், தண்ணீர் காட்டினால் மறுபடி நட்டுக்கொள்ளலாம். வேர் பொய்யில்லை, அதை அவள் தொட்டுப் பார்த்திருக்கிறாள், பொய் மற்றதெல்லாம். புருஷன் ஏமாற்றியது ஒரு பக்கம் கிடக்கட்டும், இந்தத் தெரு? மரகதத்துக்குப் பிள்ளை குறுக்கே கிடந்தபோது விடியும்வரை கைமாற்றாமல் நின்றவள் யார்? ராஜமணியின் மகளுக்குப் பால் கட்டியபோது ஓடியவள் யார்? அத்தனை பேரும் பகலில் அவனோடு சிரித்துவிட்டு, சாயங்காலம் அவள் கையில் குழம்பைக் கொடுத்து உன்னைப்போல உண்டா என்றிருக்கிறார்கள். பவுடரை, கடையில் வாங்கிய கேரம் பவுடரை, பூஞ்சை என்று அவள் லேபுக்குக் கொண்டுபோனதும் எல்லாருக்கும் தெரிந்திருக்கும், அதற்கும் சிரித்திருப்பார்கள். அவளுக்கு அழுகைகூட வரவில்லை.

பந்தல் காலில் தொங்கிய போனை எடுத்துவந்து, நாங்கள் வரப்போவதில்லை, இடத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்று சொல்லப் பத்மினியம்மாளைக் கூப்பிட்டாள்.

"அதான் எப்பவோ கொடுத்துட்டோமேம்மா, அந்த ஃபேமிலி இடத்தை" என்றாள் பத்மினி. "ஆனா பிரசவம் பாக்க நர்ஸ் இல்லாம அங்க ரொம்பக் கஷ்டப்படறாங்க. நீங்க மட்டும் தனியா வந்தாலும் போதும்னு உங்க வீட்டுக்காரர்கிட்ட ஒவ்வொரு தடவையும் சொன்னேனே. என்னை விட்டுட்டு அவ வரமாட்டா, அவளுக்கே இஷ்டமில்லைன்னு சொல்லிட்டாரே?"

எமிலி சுவரோரம் கிடந்த பெட்டியில் படிந்திருந்த தூசியைக் கையால் துடைத்தாள். பிறகு, "வாரேன்மா" என்றாள். "தேதியச் சொல்லுங்க. வாரேன்."

அவள் வெளியே வந்தபோது செல்வின் தன் குழிக்குள் போய், மணலை இழுத்து மூடி, ஒன்றுமே நடக்காதவன்போலத் தொப்பியைப் போட்டுக்கொண்டு நின்றான். கண் மட்டும் கலங்கியிருந்தது.

"வர இஷ்டமில்லன்னா ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா?" என்றாள்.

"எப்பிடிட்டி சொல்ல? சொன்னா நீ வருத்தப்படுவ."

"இப்ப?"

அவன் தொப்பியைக் கழற்றினான். "அன்னைக்குத் தண்ணி ஊத்தும்போது, எப்பிடியாவது இந்தப் பயணம் நின்னுராதான்னு நெனச்சேன்" என்றான். "அவ்வளவுதான். வேர நான் கேக்கல எமிலி. அதுவா வந்துது. வந்தபொறவு நல்லாத்தான் இருந்துது."

பின்னால் வந்து நின்ற ஷைனியிடம் திரும்பினாள். "நீயுமாட்டி?"

"எனக்கு இங்கன காலேஜில சேரணும்மா. என் கூட்டுக்காரி எல்லாரும் சேந்துட்டாளுவ" என்றாள் ஷைனி.

"கேட்டேம்லா? சரின்னுதான சொன்ன?"

"நீங்க கேட்ட கேப்புக்கு வேற என்ன சொல்ல முடியும்? எங்களச் சரின்னு சொல்ல வச்சிட்டுத்தான கேட்டிய."

அதில் கொஞ்சம் உண்மை இருந்தது. எமிலிக்கு அது சுருக்கென்று தைத்தது, தைக்கத்தான் செய்தது. ஆனால் வேண்டாம் என்று முகத்துக்கு நேராகச் சொல்கிறவர்களை அவள் மன்னித்திருப்பாள். விரலை நீட்டி எண்ணெய் போட்டுக்கொண்டவனை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

மறுநாள் விடிந்ததும் அவள் செய்த காரியத்தைப் பார்த்துத் தெருவுக்கு மூச்சு வந்தது. தேரிக்காட்டில் கன்று நட்டு அது நிலைக்கவேண்டுமென்றால் யாரும் மணலை நம்பமாட்டார்கள், சுற்றிலும் ஆழமாக மணலை அள்ளிவிட்டுக் குளத்து வண்டலை நிரப்புவார்கள். எமிலி டிராக்டர்காரனைக் கூப்பிட்டு, கருங்குளத்திலிருந்து களிபோல இறுகும் கறுப்பு வண்டலை ஒரு டிப்பர் நிறைய முற்றத்தில் கொட்டச் சொன்னாள். கடற்கரையிலிருந்து மீன்கழிவு கூடை கூடையாக வந்தது. மண்வெட்டியை எடுத்து, செல்வினைச் சுற்றி மணலை அள்ளி வெளியே போட்டாள்.

கோபம் தணிந்துவிட்டது, புருஷனைப் பராமரிக்கிறாள், நல்லவளல்லவா என்று மரகதம் முந்தானையைச் செருகிக்கொண்டு வந்தாள், ராஜமணி கடையைப் போட்டுவிட்டு வந்தான், வாலிபர் சங்கமே வந்தது. அவர்களுக்கும் நெஞ்சில் குறுகுறுப்பு இருந்தது, ஒரு வேலை செய்து அதைப் போக்கிக்கொள்ளலாம் என்றால் யாருக்குத்தான் கசக்கும்? வண்டலை அள்ளிப் போட்டார்கள், மீன்கழிவைப் போட்டார்கள், மறுபடி வண்டலைப் போட்டார்கள், தண்ணீர் ஊற்றினார்கள், எமிலி சேலையைத் தூக்கிக்கொண்டு மிதித்தாள், அவளைப் பார்த்து எல்லாரும் மிதித்தார்கள், ஆணும் பெண்ணும் கைகோத்துக்கொண்டு, சிரித்துக்கொண்டு, சுற்றிச் சுற்றி மிதித்தார்கள். செல்வினும் முதலில் சிரித்தான். பிறகு, "எமிலி, போதும்ட்டி, இறுகுது" என்றான். சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

எமிலிக்குக் கேட்டது. "இறுகட்டும்" என்றாள்.

ஆடி வெயில் வண்டலைக் கல்லாக்கியது. பிறகு வந்த ஒரு நடுப்பகலில் வாலிபர் சங்கத்தில் பலகையைத் துடைத்துப் பவுடர் போட்டுவைத்துக் காத்திருந்தார்கள், செல்வின் வரவில்லை. தேடிப்போனால், பந்தல் காலைக் கட்டிப்பிடித்து அவன் தன்னையே இழுத்துக்கொண்டிருந்தான். ஆள் அசையவில்லை. நாலுபேர் சேர்ந்து இழுத்தும் அசையவில்லை. அவன் காதுக்குப் பின்னால் பச்சையாக ஒரு தளிர் விட்டிருந்தது. அதைப் பார்த்தபிறகுதான் தாங்கள் எதை மிதித்தோம் என்று தெருவுக்கு விளங்கியது, விளங்கியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் கலைந்து போனார்கள். அன்றைக்கு எமிலிக்கு யாரும் குழம்பு கொண்டுவரவில்லை.

அவள் கிளம்பிய காலையில் வழியனுப்பு எதுவும் வைக்கவில்லை. காலில் கான்வாஸ் ஷூ போட்டிருந்தாள். பெட்டி சின்னதாகியிருந்தது, கொசுவலையில் ஒன்றும் இட்லிப்பொடியில் கொஞ்சமும்தான் அதில் இருந்தன. தெரு முழுக்க அவரவர் வாசலில் நின்றது, யாரும் கிட்டே வரவில்லை. ஷைனி மட்டும் செம்பும் கையுமாக அப்பா பக்கத்தில் நின்று அழுதாள். காலேஜ் முடிந்து வந்து தினமும் தண்ணீர் ஊற்றுவதாக அவள் ஒத்துக்கொண்டிருந்தாள்.

"எமிலி" என்றான் செல்வின். குரல் உடைந்தது. "ஒரு கடப்பாரை கொண்டாட்டி. சுத்தி நெம்பிவிடு, வந்துருவேன். உன்கூட வாரேன். மலாவியோ எங்கயோ, நீ சொல்லுத எடத்துக்கு வாரேன். இந்தத் தடவ சத்தியமா வாரேன்."

தெரு மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. கடப்பாரை கொல்லைச் சுவரில் சாய்ந்துதான் இருந்தது, கண்ணுக்குத் தெரிகிற தூரம். எமிலி அதைப் பார்த்தாள். அவன் முகத்தையும் பார்த்தாள், இப்போது அவன் பொய் சொல்லவில்லை என்றுதான் அவளுக்கும் பட்டது. பெட்டியைக் கீழே வைத்தாள். அவன் காலடியில் மண்டியிட்டு உட்கார்ந்தாள். அவன் கணுக்காலைச் சுற்றி வண்டல் காய்ந்து லேசாக வெடித்திருந்தது. அந்த வெடிப்பில் உள்ளங்கையை வைத்து, பிறந்த பிள்ளையின் வயிற்றைத் தடவுகிற பதத்தில் அழுத்தி அழுத்தி மூடினாள். ஷைனியின் செம்பை வாங்கித் தண்ணீர் தெளித்து இன்னொரு தடவை மூடினாள். பிறகு எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு பெட்டியை எடுத்தாள்.

"ரெண்டு வருசம்" என்றாள். "எங்கயும் போயிராதிய."